கட்டத்துள் அடைபட்ட சொற்கள்
குறுக்கெழுத்துப் புதிரும் பலபொருள் ஒருசொல்லும்

தமிழில் திறனாய்வு என்பது கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் என்னும் வடிவங்களையே பெரிதும் தன் நோக்கெல்லையுள் கொண்டுள்ளது. நாட்டார் பாடலும் விடுகதையும் பிற்பட்ட காலத்திலேனும் ஆய்வுக்குரிய பொருள்களாயின. ஆயின், அச்சுச் சாதனத்தின் வளர்ச்சியோடு தோன்றி, வாரந்தோறும் எண்ணற்ற வாசகரைப் பென்சிலும் கையுமாக இருத்தி வைத்த குறுக்கெழுத்துப் புதிரை எவரும் ஒரு பனுவலாகக் கொண்டு நோக்கியதாகத் தெரியவில்லை. பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், ஒரு சமூகம் தன் ஓய்வுப் பொழுதில் சொற்களை எவ்வாறு கையாளுகின்றது என்பது, அச்சமூகம் எந்தச் சொற்களுக்கு மதிப்பளிக்கின்றது, எந்தப் பொருள்களை மதிப்பளிக்காது விடுகின்றது என்பதையும் உணர்த்தவல்லது. இந்நோக்கில், குறுக்கெழுத்துப் புதிரில் அன்றாடச் சொற்கள், சிறப்பாகப் பல பொருள் கொண்ட ஒருசொற்கள், பெறும் இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கு எடுத்துக்காட்டாகத் தரப்படும் குறிப்புகள் யாவும் விளக்கத்தின் பொருட்டு எம்மால் ஆக்கப்பட்டவையே.

1. வடிவத்தின் பிறப்பும் பரவலும்

குறுக்கெழுத்துப் புதிர் நவீன பத்திரிகைத் தொழிலின் குழந்தை. லிவர்பூலிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஆர்தர் வின் என்னும் பத்திரிகையாளர், 1913ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் திகதி ‘நியூயோர்க் வேர்ல்ட்’ பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவான கட்டம் ஒன்றை வெளியிட்டார். இதுவே இவ்வடிவத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. 1924இல் அமெரிக்காவில் முதலாவது குறுக்கெழுத்து நூல் வெளிவந்தது. லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை 1930 பெப்ரவரி முதலாந் திகதி தன் முதற் புதிரை வெளியிட்டது.

அமெரிக்கப் புதிர் பெரும்பாலும் சொல்லுக்குப் பொருள் கூறி விடை கேட்பது. இங்கிலாந்திலோ, 1926இல் ‘ஒப்சேவர்’ பத்திரிகையில் டோர்க்கமாடா என்னும் புனைபெயரில் எழுதத் தொடங்கிய எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் போன்றோரால் வேறொரு மரபு உருவாயிற்று. மேற்போக்காக வாசிக்கையில் ஒரு பொருளும், பிரித்து நோக்குகையில் மற்றொரு பொருளும் தரும் குறிப்புகளை அமைப்பதே அம்மரபு. ஒரே சொல்லின் இரு பொருள்களை அருகருகே வைத்து வாசகனை வழிமாற்றும் ‘இருபொருட் குறிப்பு’ இம்மரபின் அடிப்படை உறுப்புகளுள் ஒன்று. இங்கு கையாளப்படுபவை பெரும்பாலும் அரிய சொற்களல்ல. அன்றாடம் வாயில் வழங்கும் சொற்களே அதிகம் ஏமாற்ற வல்லவை என்பதை இம்மரபினர் உணர்ந்திருந்தனர்.

2. தொல்காப்பியரும் புதிராசிரியரும்

பலபொருள் ஒருசொல் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் இதனைத் தனித்து எடுத்துக் கூறுகின்றார். வினையால் பொருள் வேறுபடுபவை என்றும், வினையால் வேறுபடாதவை என்றும் அவர் இவற்றை இரு வகைப்படுத்துவார். முதல் வகையின் பொருள் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளியப்படும். இரண்டாம் வகைக்கோ பேசுவோன் தன் கருத்தை வெளிப்படக் கூறல் வேண்டும். உரையாசிரியர்கள் ‘மா’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவர். பூத்தது, காய்த்தது என்னும்போது அது மரமாகின்றது. ஓடிற்று என்னும்போது விலங்காகின்றது. வீழ்ந்தது என்றால் இரண்டுக்கும் பொதுவாய் நின்று மயக்கந் தருகின்றது.

இக்கோட்பாட்டின் சிறப்பு யாது? சொல்லின் பொருள் சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதன்று. அது பிற சொற்களோடும் பேசுஞ் சூழலோடும் கொள்ளும் உறவிற் பிறப்பது என்பதே. ‘மாலை வாடிற்று’ என்னும்போது வினையும், ‘காலையும் மாலையும்’ என்னும்போது இனமும், மணவீட்டில் நின்று ‘மாலை எங்கே?’ என்று ஒருவர் வினவும்போது சார்பும் எமக்குப் பொருளைத் தெளிவிக்கின்றன. மொழி ஒரு சமூக நடைமுறை என்னும் உண்மையைத் தமிழிலக்கணம் இவ்வாறு தன் வழியில் உணர்ந்திருந்தது எனலாம்.

குறுக்கெழுத்துப் புதிர் செய்வது இதற்கு நேரெதிரானது. அது சொல்லை அதன் வினையிலிருந்தும் இனத்திலிருந்தும் சார்பிலிருந்தும் பிரித்தெடுத்துக் கட்டத்துள் அடைக்கின்றது. அங்கு அச்சொல்லுக்குத் துணையாக நிற்பது குறுக்கே வெட்டிச் செல்லும் மற்றொரு சொல்லின் ஓரெழுத்து மாத்திரமே. அவ்விரு சொற்களுக்குமிடையே எழுத்துறவு உண்டு, பொருளுறவு இல்லை. எனவே, சூழலை நீக்கி விட்டு, நீக்கப்பட்ட சூழலை வாசகன் தன் அனுபவத்திலிருந்து மீட்டெடுக்குமாறு கேட்பதே புதிரின் இயல்பு. இன்பமும் அங்குதான் பிறக்கின்றது. பின்னர் நாம் காட்டவிருக்கும் அநீதியும் அங்குதான் பிறக்கின்றது.

3. தமிழெழுத்தும் குறுஞ்சொல்லின் ஆட்சியும்

ஆங்கிலப் புதிராசிரியர் 26 எழுத்துகளைக் கொண்டு கட்டம் நிரப்புகின்றார். தமிழிலோ உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் ஆகியன சேர்ந்து 247 எழுத்துகள். ஒரு கட்டத்துள் ஓரெழுத்து என்பதால் ‘கா’ என்பதும் ‘கை’ என்பதும் வெவ்வேறு கட்டெழுத்துகளாகின்றன. ஆதலால் இரு சொற்கள் ஓரெழுத்திற் சந்திக்கும் வாய்ப்புக் குறைகின்றது. அன்றியும், மெய்யெழுத்துச் சொல்லின் முதலில் வாராது. குறுக்கே செல்லும் ஒரு சொல்லின் மெய்யெழுத்து நிற்கும் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி எந்தச் சொல்லையும் தொடங்க முடியாது. மொழிக்கு முதலில் வாராத உயிர்மெய்களின் நிலையும் அவ்வாறே.

இவ்வமைப்புத் தடைகள் தமிழ்ப் புதிராசிரியரை இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களை நாடச் செய்கின்றன. தமிழின் குறுஞ்சொற்கள் பலவும் பலபொருள் ஒருசொற்களாய் இருப்பது ஒரு மொழியியல் உண்மை. ஆறு, கால், மாலை, படி, மதி, திரை, நகை, இசை, அடி, பார் என்பன போன்ற சொற்கள் புதிர்க் கட்டங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதற்கு ஆசிரியரின் சோம்பல் மட்டும் காரணமன்று. எழுத்தமைப்பே அவரை அங்கு தள்ளுகின்றது. ஒரே சொல்லுக்குப் பல குறிப்புகள் தர இயலும் என்பதால், அதே சொல் வாரந்தோறும் புது வேடம் பூண்டு வருகின்றது.

எனவே, குறுஞ்சொல்லைக் கையாள்வது குற்றமாகாது. அதை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதே வினா.

4. மூவகைக் குறிப்புகள்

எமது நோக்கில், பலபொருள் ஒருசொல்லைக் கையாளும் குறிப்புகளை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, நிகண்டு வழிப்பட்ட குறிப்பு. ‘யானை (4)’ என்று கேட்டு ‘வாரணம்’ என்னும் விடையை எதிர்பார்ப்பது இவ்வகையினது. இதன் வேர் எமது கல்வி மரபில் உள்ளது. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கே உரியது. அது எதுகை முறையில் அமைந்தது. ஆறுமுக நாவலர் பதிப்பித்த அந்நூலைத் திண்ணைப் பள்ளி மாணவர் மனனஞ் செய்தனர். அச்சும் அகராதியும் பரவாத காலத்தில் செய்யுள் கற்பதற்கு அது இன்றியமையாக் கருவியாயிருந்தது. ஆனால், இன்று புதிரில் அது வினவுவது வாசகனின் சிந்தனையை அன்று, அவனது மனனத்தை. வாரணம் என்பது யானையையும் சங்கையும் கோழியையும் கடலையும் ஏன் குறித்தது என்று அது கேட்பதில்லை.

இரண்டாவது, தற்செயலொப்புமை வழிப்பட்ட குறிப்பு. ‘ஓடவும் செய்யும்; ஏழுக்கு முன் நிற்கவும் செய்யும் (2)’ என்பதற்கு விடை ஆறு. நதியும் எண்ணும் ஒலியால் ஒன்றாயின என்பதன்றி அவற்றிடையே பொருள் தொடர்பு ஏதுமில்லை. இது சொல் விளையாட்டு, சுவையானது. பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரின் சிலேடைகளில் பாம்பும் எள்ளும் ஒரே சொற்களால் வருணிக்கப்படுவதை நாம் அறிவோம். அங்கு இரு பொருளும் ஒருங்கே உயிரோடு நிற்கின்றன. இருபொருட் குறிப்பு அச்சிலேடை மரபின் சிறு வாரிசு என்று கொள்வதில் தவறில்லை.

மூன்றாவது, பொருள் வளர்ச்சி வழிப்பட்ட குறிப்பு. ‘இரவில் ஒளி தரும், ஆண்டில் பன்னிரண்டு வரும், வாரத்தில் ஒருமுறை வரும் (4)’ என்பதற்கு விடை திங்கள். இங்கு மூன்று பொருள்களும் தற்செயலாய் ஒன்று சேர்ந்தவையல்ல. சந்திரனின் வளர்தலையும் தேய்தலையும் கொண்டு மனிதர் காலத்தை அளந்தனர். ஆதலால் நிலவின் பெயர் மாதத்தின் பெயராயிற்று. சந்திரனுக்குரியதெனக் கொள்ளப்பட்ட கிழமையும் அப்பெயரைப் பெற்றது. விடையைக் கண்டவன் ஒரு சொல்லை மட்டும் காணவில்லை; உழைப்புக்காகவும் சடங்குக்காகவும் வானத்தைப் பார்த்துக் கணக்கிட்ட ஒரு சமுதாயத்தின் வரலாற்றையும் காண்கின்றான். மூவகையுள் இதுவே சிறந்தது என்பது எமது துணிபு. ஏனெனில், இதில் மட்டுமே விளையாட்டு அறிவாக மாறுகின்றது.

5. பொருளை முடிவு செய்பவர் யார்?

பலபொருள் ஒருசொல் இருக்கும் இடத்தில் அதிகாரமும் வந்து சேர்கின்றது. ஒரு குறிப்புக்கு இரு விடைகள் பொருந்துமாயின், சரியானது எது என்று கூறும் உரிமை எவருடையது? இவ்வினா வெறும் ஏட்டு வினாவன்று. பணம் சம்பந்தப்பட்டபோது அது சட்டத்தின் முன்னும் வந்தது.

1930களில் தமிழகத்தில் ஆனந்த விகடன் போன்ற பத்திரிகைகள் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தின. இந்தியாவின் பிற பகுதிகளிலும் இத்தகைய போட்டிகள் பெருவணிகமாக வளர்ந்தன. இவற்றின் தந்திரம் எளிமையானது. இரு சொற்கள் சமமாகப் பொருந்தக்கூடிய குறிப்பைத் தருவது. நடத்துவோர் முன்னரே எழுதி வைத்த விடையைச் சரியென அறிவிப்பது. ஐயுறுவோர் ஒரு கூப்பனுக்குப் பதிலாகப் பத்துக் கூப்பன்களை அனுப்ப வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம். சொல்லின் பொருள்மயக்கம் இங்கு நேரடியாகக் காசாக மாற்றப்பட்டது. தமிழறிவு உள்ளவனும் இல்லாதவனும் இவ்விடத்திற் சமமாகவே தோற்றனர்.

1955ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் பரிசுப் போட்டிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு மாதத்தில் வழங்கப்படும் மொத்தப் பரிசு 1,000 ரூபாவையும், ஒரு போட்டிக்கான விண்ணப்பங்கள் 2,000ஐயும் மிஞ்சலாகாது என்று அது வரையறுத்தது. குறுக்கெழுத்துப் போட்டி நடத்துவோர் இதனை எதிர்த்து வழக்காடினர். 1957இல் இந்திய உயர் நீதிமன்றம், திறமையிற் பெரிதும் தங்கியிராது வாய்ப்பிலேயே தங்கியிருக்கும் போட்டிகள் சூதாட்டத்தின் பாற்பட்டவை என்றும், அவை வணிகம் என்னும் பெயரில் அரசியலமைப்பின் பாதுகாப்பைக் கோர முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு மொழியியல் நோக்கிலும் மனங்கொள்ளத்தக்கது. தொல்காப்பியர் வினையால் வேறுபடாச் சொல்லைக் கூறுவோன் தன் கருத்தை வெளிப்படுத்தல் வேண்டும் என்றார். போட்டி நடத்தியோர் அக்கருத்தை மறைத்து வைத்தே இலாபம் ஈட்டினர். ஆங்கிலப் புதிர்மரபின் நேர்மையாளர்களும் இலக்கணிகள் பக்கமே நின்றனர். ஏ. எவ். ரிச்சி, ஸிமெனஸ் என்னும் பெயரில் எழுதிய டி. எஸ். மக்னட் ஆகியோர் வகுத்த நெறியின் சாரம், புதிராசிரியன் வாசகனைத் திசைதிருப்பலாம். ஆனால் பொய் கூறலாகாது என்பதே. விடை கண்டபின் வாசகன் ‘இது தவிர வேறொன்றும் இருக்க முடியாது’ என்று உணர்தல் வேண்டும். 1966இல் மக்னட் வெளியிட்ட நூல் இந்நெறியை விரித்துரைத்தது.

6. எவருடைய சொற்கள்?

நேர்மை என்பது ஒரு குறிப்புக்கு ஒரே விடை என்பதோடு முடிவதன்று. எவருடைய பொருள்கள் கட்டத்துள் அனுமதிக்கப்படுகின்றன என்னும் வினாவும் நேர்மையைச் சார்ந்ததே. எமது நாட்டிற் பேசப்படும் தமிழைக் கொண்டு இதனை நோக்குவோம்.

‘லயம்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லை எடுத்துக் கொள்வோம். புதிராசிரியர் இதற்குக் ‘தாள அமைதி’ என்றோ ‘ஒடுங்குதல்’ என்றோ குறிப்புத் தருவார். ஆனால், மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோருக்கு லயம் என்பது வீடு. வரிசையாய் அமைந்த அறைகளைக் குறித்த ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் லயன் என்றும் லயம் என்றும் திரிந்து வழக்கிலாயிற்று. இசையரங்கில் இருப்போருக்கும் ஓர் அறைக்குள் சமைத்து உண்டு உறங்குவோருக்கும் இச்சொல் வெவ்வேறு உலகங்களைக் காட்டுகின்றது. ‘மலை’ என்பதும் அவ்வாறே. மற்றையோருக்கு அது இயற்கைக் காட்சி. தோட்டத் தொழிலாளிக்கு அது வேலைத்தலம். ‘மலைக்குப் போதல்’ என்றால் அங்கு வேலைக்குப் போதல் என்பதே பொருள்.

‘பேர்’ என்னும் சொல் இன்னும் ஆழமானது. பெயர், புகழ், ஆட்களின் தொகை என்னும் பொருள்களை எவரும் அறிவர். தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் வேலையின் பதிவு. அதாவது ஒரு நாட் சம்பளம். நிர்ணயிக்கப்பட்ட அளவு கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’ விழும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களுட் பெரும்பாலோரைப் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் அற்றோராக்கின. செக்றோலில் நாள்தோறும் பேர் விழுந்த ஒருவரது பேர் வாக்காளர் இடாப்பில் இல்லாது போயிற்று. இரண்டெழுத்துக் கட்டம் ஒன்றுள் இவ்வளவு வரலாறு அடங்கக் கூடும். அதை அங்கு வைக்கும் துணிவே வேண்டியிருக்கின்றது.

யாழ்ப்பாணத்து வழக்கிலும் இத்தகையவை உள. ‘கோடி’ நூறு இலட்சம் மட்டுமன்று, வீட்டின் பின்புறமுமாம். ‘கட்டை’ மரத்துண்டு மட்டுமன்று; வீதியோரத்துக் கல்லைக் கொண்டு அளந்த மைலுமாம். இவை இடம் பற்றிய பொருள்கள். காலம் தந்த பொருள்களும் உள. ‘செல்’ என்பது போ என்னும் ஏவல். மேகம், இடி, கறையான் என்பன அதன் அகராதிப் பொருள்கள். 1980களிலிருந்து 2009 வரை வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த ஒரு பிள்ளைக்கு அச்சொல் முதலிற் கூறியது வானத்திலிருந்து விழுவதை. ‘போகச் சொல்லும், விழுந்தாற் பதுங்கச் சொல்லும் (2)’ என்று ஒருவர் குறிப்பு எழுதினால், அதை விடுவிக்கும் வாசகன் சிரிப்பானா என்பது ஐயமே. ஆனால், அக்குறிப்பு பொய் கூறவில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். புதிர் எல்லாப் பிரதேச வாசகருக்கும் பொதுவானது. ஆதலால் அகராதியில் உள்ள பொதுப்பொருளையே கையாள முடியும். வட்டார வழக்கைப் புகுத்தினால் மற்றையோருக்கு அது நேர்மையற்றதாகும் என்பர். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. தெரியாத வழக்கைக் கேட்பது மனனத்தைச் சோதிக்கும் நிகண்டுக் குறிப்பின் குற்றத்தையே மறுபுறமாகச் செய்வதாகும்.

எனினும், இருபொருட் குறிப்பின் இயல்பே இதற்கு விடை தருகின்றது. அறிந்த பொருள் ஒன்றும் அறியாப் பொருள் ஒன்றும் அருகருகே நிற்கும்போது, அறிந்தது அறியாததற்கு வழிகாட்டுகின்றது. ‘தாளத்தோடு இசையும், தோட்டத்தில் வரிசையாய் நிற்கும் (3)’ என்னும் குறிப்பில், கொழும்பு வாசகன் முதற்பாதியால் விடை காண்பான், நுவரெலியா வாசகன் இரண்டாம் பாதியால் விடை காண்பான். இருவரும் மற்றவரது பொருளைக் கற்றுக் கொண்டு எழுவர். பொதுமை என்பது ஒரு சாராரின் பொருளை யாவர்க்கும் உரியதாக அறிவிப்பதன்று; பலரது பொருள்கள் ஒரு சொல்லிற் சந்திக்க இடமளிப்பதே. அன்றியும், ‘அகராதியில் இல்லை’ என்னும் வாதமும் வரவர வலுவிழந்து வருகின்றது. 1842இல் மானிப்பாயில் அகராதி வெளிவந்த மண் இது. 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்குகளை அவ்வழக்கெனக் குறித்தே பதிவு செய்துள்ளது. அகராதி முன்சென்ற பாதையிற் புதிர் பின்தங்கி நிற்க வேண்டியதில்லை.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். குறுக்கெழுத்துப் புதிர் சொல்லைச் சூழலிலிருந்து பிரிப்பது. அதனால் சூழலின் இன்றியமையாமையை எமக்கு உணர்த்துவது. தமிழின் எழுத்தமைப்பு அதனைக் குறுஞ்சொல்லை நோக்கியும், குறுஞ்சொல் அதனைப் பலபொருளை நோக்கியும் செலுத்துகின்றன. அப்பலபொருளை மனனச் சோதனையாகவோ, வெறும் ஒலி விளையாட்டாகவோ, மயக்கத்தை விற்கும் வணிகமாகவோ ஆக்கலாம். அன்றி, மனிதர் எவ்வாறு வாழ்ந்து, எதற்கு எப்பெயரிட்டனர் என்பதை அறியும் வாயிலாகவும் ஆக்கலாம். இவற்றுட் கடைசியதே பயனுடையது என்பது எமது கருத்து.

பழஞ்சொற்களைப் புதிரிலிருந்து நீக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. வாரணமும் இருக்கட்டும், அதனருகே பேரும் லயமும் இருக்கட்டும் என்பதே எமது வேண்டுகோள். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதில் ஆற்றக்கூடிய பணி ஒன்றுண்டு. மலையகம், மட்டக்களப்பு, மன்னார், வன்னி, யாழ்ப்பாணம் முதலிய பகுதிகளிலிருந்து வரும் மாணவர் ஒரே விடுதியில் வாழ்கின்றனர். ஒருவர் ஒரு சாதாரணச் சொல்லைக் கூற மற்றவர் அதை வேறொன்றாக விளங்கிக் கொண்டு நகைத்த தருணங்கள் அவர்களுக்குப் புதியனவல்ல. அத்தருணங்களைத் தொகுத்து, அவற்றைக் கொண்டு கட்டங்களை அமைத்து இத்தகைய சஞ்சிகைகளில் வெளியிடுவார்களாயின், அது பொழுதுபோக்காகவும் அமையும். இந்நாட்டுத் தமிழின் பொருள் வளத்தைப் பதிவு செய்யும் ஆய்வுக்குத் தொடக்கமாகவும் அமையும்.